குழு ஒன்பதில் ஒருத்தி

இதில் ஒரு வரிகூட நான் சேர்த்தது இல்லை. பெயர்களையும் மாற்றவில்லை.

நான் பிபனா ராய். ஊர் மலைமேல் தன்குட்டா. கல்லூரி கீழே தரானில். ஆனால் கொரோனாவால் அதன் வாசலை நான் மிதித்ததே இல்லை. கூடப் படிக்கும் எழுபது பேரும் எனக்குப் போன் திரையில் தெரியும் வெறும் பெயர்கள்தான்.

அசார் மாத மழைக்காலம். எனக்கும் தொற்று வந்து ஆறாம் நாள். தங்கை உள்ளே ஓடி வந்துவிடுகிறாள் என்று அம்மா என் மாடி அறையை வெளியே தாழிட்டிருந்தாள். ஜாவுலோ கஞ்சி கொடுக்கும்போது மட்டும் திறப்பாள்.

மதியம் 2:07. சபித்ரா மேடம் ஆன்லைன் வகுப்பை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்.

"இந்தக் கேள்விய வச்சு அஞ்சு நிமிஷம் பேசுங்க. நானே திரும்பக் கூப்பிடறேன்."

திரையில் 'குழு 9' என்று வந்தது. உள்ளே ஒரே ஒரு பெயர். ரோஜினா லிம்பு. முகம் இல்லை. கறுப்புக் கட்டம்.

"வந்துட்டியா?" என்றாள். குரல் நைந்திருந்தது.

"ம். கேள்விய படிக்கட்டுமா?"

"வேணாம். போகாம இரு, போதும்."

சிரித்துவிட்டேன். "அஞ்சு நிமிஷந்தானே. எங்கடி போகப்போறேன்?"

அவள் பக்கம் ஏதோ சத்தம். புஸ்... புஸ்... மூச்சா, இயந்திரமா, தெரியவில்லை.

2:19. யாரும் கூப்பிடவில்லை. வெளியேறும் பொத்தானை அழுத்தினேன். வேலை செய்யவில்லை.

"நானும் அழுத்திப் பாத்துட்டேன்" என்றாள்.

"எவ்வளவு நேரமா இங்க இருக்கே?"

மறுபடி அந்தப் புஸ்... புஸ்... பிறகு...

"ஜன்னல சாத்து. சாரல் உன் கட்டில்ல அடிக்குது."

என் கேமராவும் அணைந்துதான் இருந்தது.

நெட்டைத் துண்டித்தேன். போனையே அணைத்தேன். திரை இருண்டது.

புஸ்... புஸ்...

கதவை இடித்தேன். "அம்மா! அம்மா!" தகரக் கூரையில் மழை. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் குரல் கேட்டது.

"போகாதேடி..."

அறைக்குள்.

2:46. தாழ் விலகியது. அம்மா நின்றாள். சத்தம் நின்றது.

மாலையில் மேடத்துக்குப் போன் செய்தேன்.

"உனக்கு நெட் போச்சுன்னு நெனச்சேன்மா. இன்னிக்கு நான் குழுவே பிரிக்கலையே."

ரோஜினாவின் பெயரைச் சொன்னேன்.

"அவ போன மாசமே போயிட்டாம்மா. ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் மாட்டிக்கிட்டே வகுப்புக்கு வந்திருக்கா. எங்க யாருக்கும் தெரியாது. குழுவுல தனியா இருந்தப்பதான்..."

"தனியாவா? ரெண்டு ரெண்டு பேராத்தானே போடுவீங்க?"

"அன்னிக்கு அவகூடப் போட்டது உன்னைத்தான் பிபனா. நீ குழுவுக்குள்ள போகவே இல்ல."

உண்மைதான். அன்று வகுப்பைத் திறந்துவைத்துவிட்டு, நான் தூங்கிப்போயிருந்தேன்.