எதிர்வீட்டு டிபன் கேரியர்

அன்று காலை எங்கள் மாடி நடையில் நின்றவர்கள்: எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா. வேலைக்குப் புறப்பட்ட அவர் கணவர், கையில் ஹெல்மெட். கடைசி வீட்டுச் சீன ஆன்டி, குப்பைப் பையோடு. நான், கைலியோடு.

கெலுகோர் அடுக்குமாடி. கதவைத் திறந்தால் எதிர்வீட்டு அடுப்பு தெரியும். எங்களுக்குள் பேச்செல்லாம் மலாயில்தான்.

மகளுக்குப் பிரசவம் என்று மனைவி செபராங் ஜெயா போயிருந்தாள். எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது. அதைப் பார்த்துவிட்டு அக்கா தன் டிபன் கேரியரில் சோறும் மீன் குழம்பும் கொடுத்தார். சாப்பிட்டேன். கழுவி மேசையில் வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஆன்டி ஒரு பிளாஸ்டிக் பையில் கறி கொண்டுவந்தார். கறுப்பு சோயாவில் வேகவைத்த பன்றிக்கறி, முட்டை. எனக்குப் பிடிக்கும். மனைவிக்கு ஆகாது. அவள் பாத்திரம் எதிலும் அது படக்கூடாது. அதனால் அவள் பாத்திரத்தை நான் தொடவில்லை. மேசையில் இருந்த கேரியரின் ஓர் அடுக்கை நீட்டினேன். ஆன்டி ஊற்றினார். தின்றேன். எல்லா அடுக்கையும் ஒரே பஞ்சால் தேய்த்து, உள்ளே ஆரஞ்சுப் பழம் போட்டு, அக்காவின் கம்பிக்கதவில் மாட்டிவிட்டு வந்து படுத்தேன்.

காலையில் அக்கா அதிலேயே கணவருக்கு மதியச் சோறு கட்டிவிட்டார். அதை அவர் கையில் வாங்கும்போதுதான் ஆன்டி வந்தார்.

"அண்ணே, நேத்து கறி எல்லாம் முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சு ஆன்டி."

"பொண்டாட்டி இல்லன்னா நல்லா திங்கிற லா!"

அக்கா சிரித்தார். நான் கேரியரைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. ஆன்டிக்கு அது யாருடையது என்று தெரியாது. நான் பேசாமல் இருந்தால் அந்த மனிதர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் உட்கார்ந்து அதில் சாப்பிடுவார். யாருக்கும் தெரியாது.

"அபாங், அத எடுத்துட்டுப் போவாதீங்க" என்றேன் அக்காவின் கணவரிடம்.

"ஏன், உங்களுக்கும் பசிக்குதா?"

"நேத்து அதுலதான் பன்னிக்கறி போட்டுத் தின்னேன்."

அவர் கேரியரை மெதுவாகத் தரையில் வைத்தார். ஆன்டி வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா கேட்டார்:

"உங்க வீட்டுல சட்டி இல்லையாண்ணே?"

"இருக்கு. அவ சட்டில போட்டா ஏசுவா."

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. அக்கா குனிந்து கேரியரைத் தன் பக்கம் நகர்த்தினார். என்னை ஏசியிருந்தால் தேவலை.

அவர் கணவர் ஹெல்மெட்டை வைத்துவிட்டு லிஃப்டில் இறங்கிப் போனார். பன்றி பட்ட பாத்திரத்தை முஸ்லிம்கள் ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரில். அந்த மண்ணுக்குத்தான் போனார். வேலைக்கு நேரமாகிவிட்டது.

"என் கறிவேப்பிலைத் தொட்டியில மண்ணு இருக்கு, அக்கா."

"அதுல பூனை போவுது லா, அண்ணே. சுத்தமான மண்ணா இருக்கணும்."

கணவர் கீழேயிருந்து மண்ணைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓடினார். கடையில் சோறு வாங்கித் தருகிறேன் என்றேன். ஓடிக்கொண்டே, கேன்டீன் இருக்கிறது என்றார். கட்டின சோறு ஆன்டியின் குப்பைப் பைக்குள் போனது.

அக்கா நடையில் வாளியோடு குந்தினார். என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"மத்தியானம் என்னாண்ணே சாப்பிடுவீங்க?"

உள்ளே போய்க் கம்பிக்கதவைச் சாத்தினேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. மூன்று அடுக்கு, ஒரு மூடி. நின்று எண்ணினேன்.

இருபத்தெட்டு.