எந்த வழியாகவும் போகலாம்

சிறு வயதில் நான் எதற்குத்தான் பயப்படாமல் இருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பள்ளி பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விடுமோ, அம்மா அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டாளோ, ஃபெர்ரி கவிழ்ந்து அப்பா வராமல் போய்விடுவாரோ என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் ஒதுக்கிப் பயப்படுவேன். இப்படிப்பட்ட பதினோரு வயதுப் பெண்ணிடம்தான் என் அக்கா தன் ரகசியத்தை ஒப்படைத்திருந்தாள். பாவம், அவளுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

அக்கா பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஈப்போவில் ஒரு மாப்பிள்ளை வீட்டோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் வகுப்பில் சேர வேண்டும் என்று கேட்டதற்கு, கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் துறைமுகக் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா, அதெல்லாம் கட்டிக்கிட்டுப் போனபிறகு பார்த்துக்கொள் என்று முடித்துவிட்டார். என்னை டியூஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய் வருவது அக்காவின் வேலை. டியூஷன் ஒரு மணி நேரம்தான். வீட்டில் இரண்டு மணி நேரம் என்று சொல்லிவைத்திருந்தாள். அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் கம்ப்யூட்டர் படித்தாள். டியூஷன் முடிந்ததும் நான் அவள் வகுப்புக்கு எதிரே இருந்த வீடியோ கேம் கடையில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா எல்லாம் போச்சு. மூச்சு விடாத" என்பாள். நான் நிஜமாகவே கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பேன்.

கடையில் எனக்குப் பிடித்தது ஒரு உளவாளி விளையாட்டு. யார் கண்ணிலும் படாமல் கோட்டைக்குள் போக வேண்டும். வழி ஒன்றுதான். காவலாளி தூண் வரைக்கும் நடந்து திரும்புவான். அவன் முதுகு காட்டும்போது நாம் அடுத்த மறைவுக்கு ஓட வேண்டும். எங்கே ஓடுவது, எப்போது ஓடுவது எல்லாவற்றையும் விளையாட்டே முடிவு செய்திருந்தது. என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு அதைவிட நிம்மதி வேறில்லை.

ஒருநாள் கடை முதலாளியான சீனத் தவுக்கே புது டிஸ்க் ஒன்றைப் போட்டுவிட்டார். அதில் ஒரு பெரிய அரண்மனை. கூரை வழியாகப் போகலாம், சாக்கடை வழியாகப் போகலாம், கல்லை எறிந்து காவலாளியை வேறு பக்கம் திருப்பிவிட்டும் போகலாம். எது சரி என்று விளையாட்டு சொல்லவே இல்லை. நான் மதில் ஓரத்தில் உளவாளியை நிறுத்திவிட்டு விழித்தேன். எப்படிப் போவது என்று தவுக்கேயிடம் கேட்டேன். "மானா மானா புன் போலே லா" என்றார். எந்த வழியாகவும் போகலாமாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. பழைய டிஸ்க்கையே போடச் சொன்னேன்.

அப்பாவும் பழைய டிஸ்க் காவலாளி மாதிரிதான். ஃபெர்ரி, பஸ், வீட்டு வாசல் என்று வருஷக்கணக்காக ஒரே பாதையில் வந்தார். அந்த நம்பிக்கையில்தான் நாங்கள் இருந்தோம். தைப்பூச ரதம் வரும் நாளில் டத்தோ கிராமாட் சாலைக்குள் பஸ் வராது, எல்லோரும் இறங்கிச் சந்து சந்தாக நடந்துதான் வருவார்கள் என்பது பினாங்கில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்கு அது தோன்றவில்லை.

கடையின் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், கடை இருந்த சந்துக்குள் அப்பா வந்துகொண்டிருக்கிறார். அக்காவின் வகுப்பு மாடிப் படிக்குக் கீழே தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். அங்கே நின்று ஒரு கோப்பை இனிப்புச் சிராப் தண்ணீர் வாங்கியவர், தெரிந்தவர் யாரையோ பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார். நகர்வதாக இல்லை. அக்கா இறங்கிவரும் நேரம். பழைய விளையாட்டின்படி நான் விளையாட்டுப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும். ஒளிந்தால் நான் தப்பிப்பேன், அக்கா மாட்டிக்கொள்வாள்.

தவுக்கேயிடம் சொல்லாமல் பின்கதவால் வெளியே ஓடினேன். சாக்கடை ஓரமாகவே போய்ப் பெரிய சாலையில் ஏறினேன். ரதத்துக்காக உடைத்த தேங்காய்கள் சாலை முழுக்கக் கிடந்தன. ஒரு சிரட்டைத் துண்டு காலைக் கிழித்தது. அப்பா நின்ற சந்தின் மறுகோடிக்கு வந்து, "அப்பா! அக்காவக் காணோம்பா!" என்று கத்தினேன். அழுகைக்குப் பஞ்சமா? அது எப்போதும் என்னிடம் தயாராக இருக்கும் பொருள். அப்பா கோப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டார். அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. தோளுக்கு மேலே பார்த்தேன். அக்கா மாடிப் படியில் அப்படியே நின்றுவிட்டிருந்தாள். அப்பா திரும்பவில்லை.

கூட்டத்தில் அக்காவைத் தவறவிட்டதாக நான் சொன்னதை வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அக்கா பின்னாலேயே வந்து, தலையைக் குனிந்துகொண்டு எல்லாத் திட்டையும் வாங்கினாள். கடைசியில் அப்பா சொன்னார்: "ஒரு சின்னப் பிள்ளைய பார்த்துக்கத் தெரியல உனக்கு. இனிமே டியூஷனுக்கு அம்மா கூட்டிட்டுப் போவா. நீ வீட்டுலயே இரு."

அதுவரை குனிந்திருந்த அக்கா அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு அடுத்த மாதம் கம்ப்யூட்டர் பரீட்சை.

அன்று மாலை என் காலில் மருந்து போட்டுவிட்டது அவள்தான். "அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா, நான் உன்னக் காப்பாத்திட்டேன்" என்று காதில் சொன்னேன். எனக்கு அவ்வளவு பெருமை. "ஆமாண்டி, நல்லாத்தான் செஞ்ச" என்றவள், கட்டைக் கட்டி முடிக்காமலே அழுதாள். திட்டு வாங்கியதற்கு அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அரண்மனைக்குள் போக எனக்கு எத்தனையோ வழிகள் இருந்தன. அக்காவுக்கு வெளியே போக இருந்த ஒரே வழி நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.