தலையணைக்குக் கீழ வச்ச ரூபா

நான் சந்தேகப் பிராணி. அதை முதல்லயே சொல்லிடறேன். பால்காரன் ஊத்தும்போது செம்புக்குள்ள எட்டிப் பாப்பேன். யாராவது காரணமில்லாம சிரிச்சா, எதுக்கு இந்த ஆளு நம்மளப் பாத்து இளிக்கிறான்னு அன்னிக்குப் பூரா குடையும். என் வீட்டுக்காரி என்னைக் கட்டிக்கிட்ட புதுசுல, "உன் நெழலயே நீ நம்ப மாட்ட போலருக்கேயா"ன்னு கேலி பண்ணுவா. அப்புறம் கேலி பண்றத விட்டுட்டா.

பிரெஞ்சுக்காரங்க கொடி இறங்கி ரெண்டு வருஷம் ஆயிருக்கும். மில்லு வேலை போயி, அரியாங்குப்பத்துலேந்து தினம் சைக்கிள்ல ஆத்தைத் தாண்டி வந்து டவுனுக்குள்ள வேலை தேடிக்கிட்டிருந்தேன். கடற்கரைக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு ஓட்டல்ல பரிமாறற வேலை கெடச்சுது. பழைய பிரெஞ்சு வீடு அது. கீழ சாப்பாட்டுக் கூடம், மாடியில ஆறு அறை. முதலாளி நம்ம ஊரு தமிழர்தான், ஆனா சைகோன்ல சர்க்கார் உத்தியோகம் பாத்துட்டு வந்தவர். அவரை எல்லாரும் பிரெஞ்சுல ஐயான்னு சொல்ற மாதிரி முசேன்னுதான் கூப்பிடுவோம்.

வந்து தங்கறவங்க வேலையாளுங்களுக்குப் பிரியப்பட்டு வைக்கிற காசுக்கு அங்க பூர்புவார்னு பேரு. மெட்ராஸ்காரங்க வர ஆரம்பிச்சதும் இனாம்னாங்க, டிப்ஸுன்னாங்க. பேரு எதுவா இருந்தாலும் அதை வாங்கறதுக்கு முசே ஒரு சட்டம் வச்சிருந்தார். கூடத்துல தட்டுக்குக் கீழ வைக்கிற காசு பொது உண்டியலுக்குப் போயிடும், சனிக்கிழமை எல்லாருக்கும் பிரிப்பாங்க. மாடியில அப்படி இல்ல. கையில குடுத்தாலோ, மேசை மேல ஆஷ்ட்ரேவுக்குக் கீழ வச்சாலோ, அது அறை பாக்கற ஆளுக்கு மட்டும். தலையணைக்குக் கீழயோ, மெத்தை இடுக்குலயோ, இழுப்பறையிலயோ கெடந்தா அது மறந்துட்டுப் போன பொருள். கவுண்டர்ல கொண்டாந்து குடுத்துடணும். எடுத்தா திருட்டு. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கேட்டுல வாட்ச்மேன் எல்லாரையும் தடவிப் பாத்துட்டுத்தான் விடுவான்.

மாடி அறைகளைப் பாத்துக்கிட்டவர் என்னைவிடப் பத்து வயசு பெரியவர். அண்ணேன்னு கூப்பிடுவேன். அதிகம் பேச மாட்டார். பேசாதவனை நம்பக் கூடாதுங்கறது என் கட்சி. அதோட, உள்ளதைச் சொல்லணும்னா, எனக்கு அவர் மேல பொறாமை. நாங்க ஏழு பேரு ஒரு உண்டியலைப் பிரிச்சிக்கிட்டு நிக்கும்போது அவர் ஆஷ்ட்ரேவைத் தூக்கித் தூக்கி எடுத்துக்கிட்டுப் போறாரேன்னு வயிறு எரியும்.

அந்த வருஷம் தை மாசம் கொழும்புலேந்து ஒரு அம்மா வந்து மாடியில மூலை அறையில ஒரு வாரம் தங்கினாங்க. வயசானவங்க, டாக்டரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. ஒரு நாள் காலையில பக்கத்து அறைக்குக் காப்பி எடுத்துட்டுப் போனேன். மூலை அறைக் கதவு தொறந்திருந்துது. அந்த அம்மா குளியலறையில இருந்தாங்க போலருக்கு. அண்ணன் தலையணையைத் தூக்கினார். கீழேந்து மடிச்ச ரூபா நோட்டை எடுத்து இடுப்புல சொருகினார். இன்னொரு கையில நந்தியாவட்டைப் பூ ஒண்ணு வச்சிருந்தார். நான் சத்தம் போடாம வந்துட்டேன்.

ஒரு நாள் பூரா அதை மனசுலயே வச்சிருந்தேன். மறுநாள் சாயங்காலம் முசே கிட்ட போயி சொன்னேன். அந்த அம்மா அன்னிக்குக் காலையிலயே கெளம்பிப் போயிட்டாங்க. கேட்டுல அண்ணனைத் தடவினாங்க, ஒரு ரூபா இருந்துது.

"இது ஏது?"ன்னு கேட்டார் முசே.

"அந்த அம்மா எனக்கு வச்சதுங்க."

"எங்க வச்சாங்க?"

"தலையணைக்குக் கீழ."

"உனக்குன்னு சொன்னாங்களா?"

"சொல்லலீங்க. தினம் வச்சாங்க. தினம் எடுத்துக்கிட்டேன். அவங்க ஒண்ணும் கேக்கல."

தினம் எடுத்தேன்னு அவர் வாயாலயே சொன்னதுதான் அவருக்கு வெனையாப் போச்சு. கடுதாசி போட்டுக் கேளுங்க முசேன்னு கெஞ்சினார். "என் ஆளு உங்க தலையணைக்குக் கீழ கை விட்டான்னு நானே எழுதணுமா?"ன்னார் முசே. "அந்த அம்மா போயிட்டாங்க. யாரைக் கேக்கறது? பாத்தவன் இவன் ஒருத்தன் இருக்கான்." எடுத்ததை மட்டும்தான் நான் சொன்னேன். பூவைப் பத்தி சொல்லல. அதுல சொல்றதுக்கு இன்னா இருக்குன்னு நெனச்சேன்.

அண்ணன் என்னைத் திட்டல. சட்டையைச் சரி பண்ணிக்கிட்டுப் போயிட்டார். அடுத்த வாரம் மாடி அறை வேலை எனக்கு வந்துது. பெரிய மார்க்கெட்ல அவர் மூட்டை தூக்கறதாக் கேள்விப்பட்டேன். திருடினவனுக்கு வேற இன்னா கெடைக்கும்னு வீட்டுல சொன்னேன். வீட்டுக்காரி எழுந்து அடுப்படிக்குப் போயிட்டா.

அடுத்த தையில அதே அம்மா, அதே மூலை அறை. முதல் நாள் காலையில கடற்கரைக்கு நடக்கப் போனாங்க. படுக்கையைத் தட்டலாம்னு தலையணையைத் தூக்கினேன். ஒரு ரூபா நோட்டு, நாலா மடிச்சு.

 யோசிச்சுப் பாத்தேன். போன வருஷம் இந்த அறையில பணம் பறி குடுத்தவங்க, மறுபடி அதே எடத்துல பணத்தைப் போட்டுட்டுப் போவாங்களா? இது முசே போட்ட திட்டம். அம்மாவும் கூட்டு. போன வருஷத்துக் கதையைச் சொல்லி, புது ஆளு எப்படின்னு பாருங்கன்னு கேட்டிருக்கார். சட்டப்படி கவுண்டர்ல குடுக்கலாம். ஆனா கவுண்டர்ல உக்காந்திருக்கறவன் அதை வாயில போட்டுக்கிட்டு, குடுக்கவே இல்லன்னு சொன்னா நான் இன்னா பண்றது? அதனால தலையணை உறையை மட்டும் மாத்திட்டு நோட்டை எந்த எடத்துல எப்படி இருந்துதோ அப்படியே வச்சிட்டு வந்துட்டேன்.

மறுநாள் ரெண்டு ரூபா இருந்துது. அதுக்கு மறுநாள் மூணு. சரிதான், மீன் கடிக்கலன்னு இரையைப் பெருசாக்கறாங்கன்னு நெனச்சேன். மாடிப் படியில எறங்கும்போது முசே என்னைப் பாத்தார். தினம் பாக்கறதுதான். ஆனா அன்னிக்கு அந்தப் பார்வையில ஏதோ இருந்த மாதிரி தோணிச்சு. வாட்ச்மேன் தடவற தடவலும் கொஞ்சம் அழுத்தமா இருந்துது.

வீட்டுல சொன்னேன். அவளுக்கு அப்ப ஏழு மாசம். "தொட்டுராதயா"ன்னா. "இந்த வேலையும் போச்சுன்னா நான் இந்த வயித்தோட எங்க போயி நிப்பேன்." அதுதான் எனக்கும். மில்லு மூடினப்போ மூணு மாசம் கஞ்சிதான் குடிச்சோம். அந்த மூணு ரூபாயைப் பாத்தா எனக்குப் பணமாத் தெரியல, வேலைக்கு வச்ச வேட்டாத் தெரிஞ்சுது.

அஞ்சாம் நாள் ஒரே நோட்டா அஞ்சு ரூபா. நான் அதைப் பாத்துட்டு, படுக்கையைக்கூட ஒழுங்கா விரிக்காம வந்துட்டேன்.

ஆறாம் நாள் அவங்க ஊருக்குக் கெளம்பற நாள். கதவைத் தட்டிட்டு உள்ள போனா, நாக்காலியில உக்காந்திருந்தாங்க.

"நில்லும் தம்பி. உம்மோட கதைக்கவேணும். நான் வைக்கிற காசை ஏன் எடுக்கிறீரில்லை? காணாதோ எண்டு நினைச்சு ஒவ்வொரு நாளும் கூட்டி வைக்கிறன். அதையும் தொடேல்லை. இதுக்கு மேலயும் எதிர்பாக்கிறீரோ?"

எனக்கு ஒண்ணும் புரியல. "அது எனக்காங்க?"ன்னு கேட்டேன்.

"பின்னை ஆருக்கு? கப்பல்ல போகேக்குள்ள அறை பாக்கிறவருக்கு அப்பிடித்தான் வைச்சுப் பழக்கம். ஆக்களுக்கு முன்னால ஒருத்தரைக் கை நீட்ட வைக்கிறது எனக்குக் கூச்சம்."

எங்க சட்டத்தைச் சொன்னேன். தலையணைக்குக் கீழ இருந்தா மறந்த பொருள், ஆஷ்ட்ரேவுக்குக் கீழ இருந்தாதான் எங்களுதுன்னு. அவங்களுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எழுந்து போயி தலையணைக்குக் கீழ இருந்த அஞ்சு ரூபாயை எடுத்து, மேசை மேல ஆஷ்ட்ரேவுக்கு அடியில வச்சாங்க. "இப்ப சரியோ?"ன்னாங்க. நான் ஆஷ்ட்ரேவைத் தூக்கி எடுத்துக்கிட்டேன்.

அப்புறம் அவங்க சொன்னாங்க. "போன முறை நிண்டவர் நல்ல மனுசன். நான் வைக்கிறதை எடுத்துப்போட்டு, அந்த இடத்தில ஒரு நந்தியாவட்டைப் பூ வைச்சிட்டுப் போவார். வாய் திறந்து ஒரு சொல்லுச் சொல்லேல்லை, ஆனா ஒவ்வொரு நாளும் பூ இருக்கும். அவர் எங்கை?"

 அந்தப் பூவை நான் பாத்தேன். இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். திருட வந்தவன் எவனாவது கையில பூவோட வருவானான்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போதும். சந்தேகம்னு வந்தா ஊரையே சந்தேகப்படற எனக்கு, நான் நெனச்சது தப்பா இருக்குமோன்னு மட்டும் ஒரு சந்தேகம் வரல.

"சொந்த ஊருக்குப் போயிட்டாருங்க"ன்னு சொன்னேன். நாக்கு கூசாம சொன்னேன்.

அவங்க பையைத் தொறந்து பத்து ரூபா எடுத்துக் குடுத்தாங்க. "எப்பவாவது கண்டால் குடும். நான் கேட்டதாச் சொல்லும்."

கார் வர அரை மணி நேரம் இருந்துது. முசே கீழ கவுண்டர்லதான் இருந்தார். அம்மா, ஒரு நிமிஷம் வந்து இதையே முதலாளி கிட்ட சொல்லுங்கன்னு நான் கூப்பிட்டிருக்கலாம். பத்து வார்த்தை. அண்ணன் மறுநாளே மாடிக்குத் திரும்பியிருப்பார். நான் கூடத்துக்குப் போயிருப்பேன், இல்ல பொய் சொன்னவன்னு தெருவுக்கே போயிருப்பேன். ஏழு மாச வயிறு கண்ணு முன்னால வந்துது. பெட்டியைத் தூக்கிக்கிட்டு அவங்க பின்னாலயே எறங்கினேன். காருல ஏத்தினேன். கதவைச் சாத்தினேன். கும்பிட்டேன். கார் தெருமுனை திரும்பற வரைக்கும் எனக்கு நேரம் இருந்துது. நான் வாயைத் தொறக்கல.

பத்து ரூபாயை வாட்ச்மேன் பாத்தா கேள்வி வரும்னு, அதைச் சாப்பாட்டுத் தூக்கு மூடிக்குள்ள ஒளிச்சு வச்சுக் கொண்டு போனேன். கையில குடுத்த காசு அது. சட்டப்படி எடுத்துட்டுப் போலாம். அண்ணன் தன் பணத்தை மறைக்கல, கேட்டப்போ எங்கேந்து எடுத்தார்னும் மறைக்கல. மறைச்சவன் நான்தான்.

மறுநாள் காலையில பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். அண்ணன் வெங்காய மூட்டையை எறக்கிட்டு, துண்டால முகத்தைத் தொடைச்சிக்கிட்டு நின்னார். தோளு காச்சுப் போயிருந்துது. நடந்ததைச் சொன்னேன், தலையைக் குனிஞ்சிக்கிட்டே சொன்னேன். நோட்டை நீட்டினேன். அவர் அதைத் தொடல. எனக்குப் பின்னால யாராவது நிக்கிறாங்களான்னு பாத்தார். அந்தப் பக்கம் மீன் கடை வரைக்கும் பாத்தார்.

"இதை அவங்க உனக்குக் குடுத்ததை யாரு பாத்தா?"ன்னு கேட்டார்.

"யாரும் பாக்கல அண்ணே."

"அப்ப கொண்டு போயி கவுண்டர்ல குடு."

அடுத்த மூட்டையைத் தூக்கப் போயிட்டார். திரும்பிக்கூடப் பாக்கல.

சைக்கிளை மிதிச்சிக்கிட்டு ஓட்டலுக்கு வந்தேன். இதுக்கு மேல மென்னு முழுங்க முடியல. வேலை போனா போகட்டும்னு முசே முன்னால பத்து ரூபாயை வச்சு, எல்லாத்தையும் சொன்னேன். தலையணை, கப்பல், பூ, நான் சொன்ன பொய், எதையும் விடல. அண்ணனைத் திரும்பக் கூப்பிடுங்கன்னேன்.

முசே கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு மாட்டிக்கிட்டார். "அந்த அம்மா போயிட்டாங்க. யாரைக் கேக்கறது?"ன்னார்.

"நான் பாத்தேன் முசே. அவர் கையில பூ இருந்துது. நான் சாட்சி சொல்றேன்."

"போன வருஷமும் நீதானே சாட்சி. அப்ப பூ இல்லியே."

 அவர் பத்து ரூபாயை ஒரு கவர்ல போட்டு, மூலை அறைன்னு எழுதி, மறந்துட்டுப் போன பொருளுங்க வைக்கிற இழுப்பறையில வச்சு மூடினார். "போய் வேலையைப் பாரு"ன்னார். நான் மாடிக்குப் போயி மூலை அறைப் படுக்கையைத் தட்டிப் போட்டேன். அன்னிக்குச் சாயங்காலத்துலேந்து வாட்ச்மேன் என்னை மட்டும் ரெண்டு தடவை தடவிப் பாத்தான்.