மீகாத்துக்கு முன் ஒலித்த புகை மணி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் புகையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க இந்தக் கரையில் ஒரு பட்டதாரியும் இல்லை. கல்முனைக்கு மேற்கே, வயல் தொடங்கும் இடத்தில் என் அரிசி மில் இருக்கிறது. காய்ந்த உமி எரிந்தால் ஒரு மணம், ஈர உமிக்கு வேறு மணம், மோட்டார் பெல்ட் சூடேறினால் இன்னொன்று. கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டே எது எரிகிறது என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன், உழைத்துச் சம்பாதித்த மூக்கு இது.

மக்காவுக்கு உம்றா யாத்திரையாக மூன்று பேர் போனோம். நான், மனைவி, அவளுடைய தம்பி. மச்சானுக்குச் சோறு இல்லாவிட்டாலும் சிகரெட் வேண்டும். வீட்டு வாசலைத் தாண்டியதிலிருந்து திரும்பி வரும்வரை தொடமாட்டேன் என்று அக்காவிடம் சத்தியம் செய்த பிறகுதான் அவள் அவனைச் சேர்த்துக்கொண்டாள்.

மக்காவுக்குப் போகும் ஆண்கள், மீகாத் என்கிற எல்லையைக் கடக்கும் முன் தையலில்லாத இரண்டு வெள்ளைத் துணிகளை உடுத்தி, உம்றா செய்கிறேன் என்று மனதார நிய்யத் வைக்க வேண்டும். விமானத்தில் அந்த எல்லை ஆகாயத்திலேயே கடந்து போகும். நான் கொழும்பிலேயே இஹ்ராம் என்கிற அந்தத் துணிகளை உடுத்திவிட்டேன். மச்சான் சோம்பேறி. "பிளேனுக்குள்ள மாத்துறன்" என்று விட்டுவிட்டான். மீகாத்துக்கு இன்னும் அரைமணி நேரம் என்று அறிவித்த பிறகுதான் பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் கழிவறைக்குப் போனான். எங்கள் ஆசனம் அதற்கு இரண்டு வரிசை முன்னால்.

சற்று நேரத்தில் கழிவறைப் புகை மணி கீச்சுக் குரலில் விடாமல் அடிக்கத் தொடங்கியது.

நான் பார்த்த வேலைகளுக்குள் அதுதான் வேலை. மூன்று பணிப்பெண்களும் ஓடவில்லை, கத்தவில்லை, ஆனால் அடுத்த மூச்சுக்குள் மூவரும் கதவடியில் நின்றார்கள். ஒருத்தி சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்து விமானியோடு கதைத்தாள். ஒருத்தி தீயணைக்கும் சிலிண்டரைக் கையில் ஏந்தினாள். தலைமைப் பெண் புறங்கையைக் கதவின் மேலிருந்து கீழ்வரை வைத்து வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை என்று கண்ட பிறகுதான் தட்டினாள். பதில் வராததால் வெளியிலிருந்தே பூட்டை நீக்கி, கதவை ஒரு சாண் மட்டும் திறந்தாள்.

உள்ளே இடுப்புத் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மச்சான்!

அவனை வெளியே எடுத்தார்கள். கழற்றிய சட்டையை அவன் வாரி எடுக்கும்போது அதன் பையிலிருந்து சிகரெட் பெட்டி கீழே விழுந்தது.

என் மனைவி எழுந்து அவனிடம் போனாள், நானும் பின்னாலே போனேன். "சத்தியம் பண்ணின வாயா இது?"

"அல்லாவுக்காக ராத்தா, உள்ளுக்கு நான் சிகரெட் பத்தல்ல!" என்று அக்காவிடம் கெஞ்சினான்.

தலைமைப் பெண் சிங்களப் பிள்ளை. பொலன்னறுவை நெல் வியாபாரிகளோடு மாரடித்து நான் படித்த சிங்களம் அன்று உதவியது. உள்ளே புகைத்தது உறுதியானால், இறங்கியதும் பொலிஸிடம் ஒப்படைக்கத்தான் வேண்டும் என்றாள். மனைவியின் கோபமெல்லாம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது. "இவன்ட உம்றா போச்சே" என்று என் கையைப் பிடித்தாள்.

கதவடியில் போய் நின்று மூச்சை இழுத்தேன். புகையிலை இல்லை. எரிந்த கடதாசி இல்லை. தொண்டையைச் சுரண்டும் இனிப்பு மணம்.

"மகள், இது சிகரெட் இல்ல. வாசனை ஸ்ப்ரே. முப்பது வருசம் புகைக்குள்ள நிண்டவன் சொல்றன்."

"இருக்கலாம் அங்கிள். ஆனா உங்கட மூக்கை நான் கெப்டனுக்கு அறிக்கையாக் குடுக்க ஏலாது."

சொல்லிவிட்டுக் கையுறை போட்டுக்கொண்டு தேடத் தொடங்கினாள். குப்பைத் தொட்டியை இழுத்து, கடதாசிகளைத் துழாவி, ஒரு போத்தல் தண்ணீரை அதற்குள் ஊற்றினாள். தொட்டியின் பின்புறம், கைகழுவும் தொட்டியின் அடி, கடதாசி வைக்கும் தட்டு, எல்லாவற்றையும் டோர்ச் அடித்துப் பார்த்தாள். என் மில்லில் நிற்பவர்கள் என்றால் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார்கள்.

நான் மச்சானிடம் திரும்பினேன். "ஸ்ப்ரேய எங்க வெச்ச?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான். எனக்கு விளங்கிவிட்டது.

"வாயத் திற மச்சான். மீகாத்துக்கு இன்னும் பத்து நிமிசம்தான். பொலிஸுக்குப் போறதா, ராத்தாட ஏச்சக் கேக்கிறதா?"

பையின் அடியிலிருந்து சின்னத் தகரக் குப்பியொன்றை எடுத்துப் பணிப்பெண்ணிடம் நீட்டினான். "எயாப்போட்டில சிகரெட் ஒண்டு பத்தினன். ஒண்டுதான். அந்த நாத்தத்தோட இஹ்ராம் உடுக்க வெக்கமா இருந்திச்சு. நிய்யத் வெச்சா மறுகா மணம் பூசவும் ஏலாதே. ராத்தாக்குத் தெரியப்படாதெண்டு மேலெல்லாம் அடிச்சன். உடன மணி கத்திற்று."

"அல்லாவுக்குத் தெரிஞ்சா பரவாயில்ல, எனக்குத்தான் தெரியப்படாதாக்கும்!" என்றாள் மனைவி.

பின்வரிசையில் ஒரு ஹாஜியார் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அவன் சொன்னதை நான் சிங்களத்தில் சொன்னேன். பணிப்பெண் குப்பியை முகர்ந்தாள். மறுபடியும் கழிவறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து விமானியோடு கதைத்தாள். ஸ்ப்ரே புகையைப்போல அந்தக் கருவியை ஏமாற்றிவிடும், இப்படி முன்னரும் நடந்திருக்கிறது என்றாள். பொலிஸ் இல்லை. பெட்டியும் குப்பியும் மட்டும் இறங்கும்வரை அவளிடம் இருக்கும்.

"நான் முதலே சொன்னன்தானே மகள்?"

"ஓம் அங்கிள். எனக்கும் அந்த மணம்தான் வந்திச்சு. அதுக்காகத் தேடாம விட ஏலுமா?"

எனக்குச் சமமான மூக்கு. இருந்தும் அவள் அதை நம்பவில்லை. இந்த வயதில் ஒருவரைக் கண்டு நான் தலையை ஆட்டுவது அபூர்வம், அன்று ஆட்டினேன். அதற்குப் பிறகும், விமானம் இறங்கும்வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் போய், அந்தக் கதவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மீகாத் நெருங்கிவிட்டது என்று கடைசி அறிவிப்பு வந்தது. துணியைச் சரிசெய்து ஆசனத்துக்கு வர மச்சானுக்கு நேரமில்லை. பணிப்பெண்கள் சமையற் பகுதியில் வண்டியைத் தள்ளி இடம் விட்டார்கள். மச்சான் அங்கேயே நின்று நிய்யத் வைத்தான். தோள் துணி சரியச் சரிய, அக்காக்காரி ஏசிக்கொண்டே அதை ஏற்றிவிட்டாள்.

பிறகு, 'வந்துவிட்டேன் இறைவா' என்கிற தல்பியாவை அவன் சொன்னான் பாருங்கள்! அழுகையும் குரலும் கலந்து, விமானத்தின் முன்பக்கம்வரை கேட்டது. பலர் எட்டிப் பார்த்தார்கள். கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் நான் சொன்னேன்:

"என்ட மச்சான்தான்."