இயல்பு என்று நான் போட்ட டிக்

முருகேஸ்வரியின் கணவர் போன் செய்தபோது காலை ஏழு மணி. கம்பத்தில் நான் வேலை பார்த்த சிறிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பிசியோதெரபிஸ்ட்டுக்கு அந்த நேரத்தில் யாரும் போன் செய்வதில்லை. எங்கள் வேலையில் அவசரம் என்று ஒன்று வராது என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன்.

"சார், அவளுக்கு வலது பாதத்தத் தூக்க முடியலை. நடந்தா தரையில இழுக்குது. அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு. நேத்துல இருந்து சரியா ஒண்ணுக்கே போகலையாம்" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. முந்தின நாள் மாலையே புரிந்திருக்க வேண்டும். உடனே கூட்டி வரச் சொன்னேன். சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம், ஆபரேஷன் தேவைப்படலாம் என்றேன்.  

இருபத்தாறு வருடம் இடுப்பையும் முதுகையும் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ பேரை நடக்க வைத்திருக்கிறேன். அதையெல்லாம் எழுதினால் தற்பெருமை ஆகிவிடும், இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குப் பயனும் இல்லை. அதனால் தப்பு செய்த கதையை எழுதுகிறேன்.

மூன்று மாலைகள்

முருகேஸ்வரிக்கு நாற்பது வயது. கூடலூர்க்காரர். தினமும் ஜீப்பில் குமுளி மலையேறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். ஏலக்காய் மரத்தில் காய்ப்பதில்லை. செடியின் அடியில், மண்ணை ஒட்டிக் கிடக்கும். ஒரு நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோதான் எடுக்க வேண்டும். நம் இடுப்புப் பகுதி முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க், குனியக் குனிய பின்பக்கமாகப் பிதுங்கப் பார்க்கும். அப்புறம் மலைப்பாதையில் ஜீப் போடும் குலுக்கல் வேறு.

அவருக்கு எல்-ஃபோர் எல்-ஃபைவ், அதாவது இடுப்பின் கடைசி இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கியிருந்தது. வலி வலது காலில் இறங்கியிருந்தது. எலும்பு டாக்டர் மாத்திரை எழுதி, ஓய்வெடுக்கச் சொல்லி, என்னிடம் அனுப்பினார். ஓய்வெல்லாம் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். மாலை ஐந்தரைக்கு வருவார், கையில் ஏலக்காய் வாசனை இருக்கும். ஒரு வாரம் போகாவிட்டால் ஜீப்பில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். திட்டினால் சிகிச்சைக்கும் வராமல் போய்விடுவாரே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை கரண்ட் வைத்தேன். வலி குறைய லேசாக மின்சாரம் பாய்ச்சும் ஐஎஃப்டி மெஷினுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். குப்புறப் படுத்துச் செய்யும் பயிற்சி இரண்டு சொல்லிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை இடது காலிலும் வலி தெரிகிறது என்றார். ஒரு கால் வலி இரண்டு கால் வலியாக மாறினால் உடனே உஷாராகிவிட வேண்டும் என்று எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் மறுநாள் பார்க்கலாம் என்று விட்டேன்.

புதன்கிழமை வந்தவர் வலி நன்றாகக் குறைந்துவிட்டது என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூடவே, ஜீப்பில் உட்கார்ந்து உட்கார்ந்து பின்பக்கமே செத்துப்போச்சு, உட்கார்ந்திருப்பதே தெரியவில்லை என்றும் சொன்னார். ஒரு ஜீப்பில் பதினாறு பேர் ஏறினால் யார் பின்பக்கம் யாருக்குத் தெரியும் என்று நான் கேலி செய்தேன். அவரும் சிரித்தார்.

அப்புறம், முதுகுவலி என்று வரும் ஒவ்வொருவருக்கும் நாங்கள் நிரப்பும் தாளில் இருக்கும் கேள்விகளைக் கேட்டேன். நீர், மலம் போவதெல்லாம் சரியாக இருக்கிறதா என்பது அதில் ஒன்று.

"அது எப்பவும் போலத்தேன் சார்" என்றார். இயல்பு என்ற கட்டத்தில் டிக் போட்டேன். மறுநாள் காலை போன் வந்தது.

மதுரை

முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் கொத்தாகத் தொங்கும். குதிரைவால் போல இருப்பதால் அதற்குக் காடா ஈக்வினா என்று பெயர். காலுக்கும், உட்காரும் இடத்துக்கும், சிறுநீர்ப்பைக்கும் போகும் நரம்புகள் அவை. பெரிய டிஸ்க் ஒன்று பிதுங்கி அந்தக் கொத்தை நசுக்கினால் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டும். தாமதமானால் நரம்பு மீளாமலே போகலாம். முதுகுவலி என்று வருபவர்களில் மிகச் சிலருக்குத்தான் இது வரும். அந்தச் சிலரைப் பிரித்து எடுப்பதற்குத்தான் அந்தத் தாளும் அந்தக் கேள்விகளும்.

முருகேஸ்வரியின் வலி குறைந்தது குணமானதால் அல்ல, நரம்பு மரத்ததால். பின்பக்கம் செத்துப்போனதற்கு ஜீப்பும் காரணம் அல்ல. ஒரு நர்ஸைக் கூப்பிட்டுத் தொடு உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். பாதத்தின் பலத்தை நானே பார்த்திருக்கலாம்.

போன் வந்த அன்றே அவரை மதுரைக்கு அனுப்பினோம், அங்கே மாலையே ஆபரேஷன் செய்தார்கள். பாதத்தை மெல்ல மெல்லத் தூக்க முடிந்தது. சிறுநீர்ப்பை மட்டும் திரும்பவில்லை. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரே டியூப் போட்டுச் சிறுநீரை எடுக்கும்படி ஆகிவிட்டது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஆஸ்பத்திரியில் என்னைத் தேற்றினார்கள். ஆனை சறுக்கினால் ஆனைதான் விழும். இங்கே சறுக்கியது நான், விழுந்தது அவர். எனக்கு அந்த ஆறுதல் கோபத்தைத்தான் கிளப்பியது.

அவர் வீட்டில்

நான்கு மாதம் கழித்துக் கூடலூர் போனேன். வார்த்தைகளையெல்லாம் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். வாசலில் அவரைப் பார்த்ததும் ஒன்றும் நினைவில்லை. தப்பு என்னுடையது, மன்னிச்சிருங்க என்று மட்டும் சொன்னேன். அந்தக் கேள்விக்கு ஏன் அப்படிப் பதில் சொன்னீர்கள் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அவராகவே சொன்னார்.

"வண்டி ஏறுற நாள்ல நாங்க தண்ணி குடிக்க மாட்டோம் சார். அங்கன தோட்டத்துல ஒதுங்க இடம் கிடையாது, சுத்தி ஆம்பளைக. வெடியுமுன்னப் போறதோட சரி, சாயங்காலம் வீட்டுக்கு வந்துதேன். பதினெட்டு வருசமா அப்படித்தேன். அன்னைக்குக் காலைல முக்கி முக்கித்தேன் ரெண்டு சொட்டு வந்துச்சு. தண்ணி குடிக்கலை, அதேன் வரலைன்னு நெனச்சேன். நீங்க கேட்டீக, நானும் சொன்னேன். ரெண்டு பேருமே பொய் சொல்லலை."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். காபி கொடுத்தார்.

"இனிமே பொம்பளைக வந்தா மணியக் கேளுங்க சார். கடைசியா எத்தனை மணிக்குப் போனே, போறது தெரிஞ்சுச்சான்னு கேளுங்க. சரியா இருக்கான்னு கேட்டா எல்லாரும் சரின்னுதேன் சொல்லுவாக" என்றார்.

எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. மறுநாளே அந்தத் தாளை மாற்றினேன். இயல்பு என்ற கட்டத்தை அடித்துவிட்டு, மணி எழுத இடம் விட்டேன். கேட்டதற்குச் சில பெண்கள் முறைத்தார்கள். ஒரு கணவர் சண்டைக்கே வந்தார். பொம்பளைகிட்ட ஒரு ஆம்பளை எதுக்கு இந்தக் கேள்வியக் கேக்கணும் என்றார். முறைத்தாலும் திட்டினாலும் கேளுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமல் விடும் கேள்விக்கு இன்னொருவர் ஆயுசுக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

மூன்று வருடம் கழித்துக் கம்பத்திலிருந்தே ஒரு பெண் மாலையில் வந்தாள். இருபத்தெட்டு வயது, இவளும் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். இரண்டு காலிலும் வலி. மணியைக் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, நேற்று இரவு என்றாள். நர்ஸைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொன்னேன், உட்காரும் இடத்தில் தொட்டது அவளுக்குத் தெரியவில்லை. கரண்ட் வைக்க எடுத்த மெஷின் பேடைக் கீழே போட்டுவிட்டு டாக்டர் அறைக்கு ஓடினேன். அன்றைக்கே ஆபரேஷனுக்கு மதுரை போனாள். அவளுக்குக் கால், சிறுநீர், எல்லாம் திரும்பிவிட்டது.

அதை முருகேஸ்வரிக்குப் போனில் சொன்னேன்.  "நல்லது சார். நான் இப்ப நல்லாத் தண்ணி குடிக்கிறேன், மணி பாத்து. அந்தப் புள்ளையையும் வண்டி ஏறுற அன்னைக்குக் குடிக்கச் சொல்லுங்க" என்றார்.

அடுத்த முறை அந்தப் பெண் பயிற்சிக்கு வந்தபோது சொன்னேன். மூன்று மாதம் ஆனதும் திரும்ப வேலைக்குப் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எப்படிக் குனிய வேண்டும், எப்படிச் சாக்கைத் தூக்க வேண்டும் என்று செய்து காட்டி முடித்துவிட்டு, போகிற நாளிலும் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றேன்.

"குடிச்சிட்டு எங்கன சார் போறது?" என்று கேட்டாள்.

  இதைப் படிக்கும் நீங்கள் உங்கள் தாளில் மணியை எழுதிக்கொள்ளும்போது, அவள் கேட்ட அந்தக் கேள்வியையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.