ஹேஸா, ஹேவா?

கொரோனா அடங்கி, பள்ளிக்கூடங்கள் மறுபடி திறந்த வருஷம். ஆவடியில், முத்தாபுதுப்பேட்டை பக்கம் இருக்கும் ஒரு சின்ன தனியார் பள்ளியில் ஆங்கில டீச்சர் வேலைக்கு என்னை டெமோ கிளாஸ் எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அப்போது எனக்கு நாற்பதை நெருங்கும் வயது. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். கணவருக்கு ராணுவத் தொழிற்சாலையில் வேலை என்பதால் கல்யாணமானதும் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டேன். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பி.ஏ. ஆங்கிலம் முடித்தேன். இலக்கணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் நாலு பேர் முன்னால் ஆங்கிலத்தில் வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்கு முன் போன பள்ளிகளில் எல்லாம், பேச்சு சரளமாக இல்லை என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவிட்டார்கள்.

அன்று கணவர் பர்மிஷன் போட்டுவிட்டு பைக்கில் கொண்டுவந்து விட்டார். இங்கேயும் கிடைக்கவில்லை என்றால் இனி எங்கும் போகப் போவதில்லை, வீட்டிலேயே டியூஷன் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "முதல்ல உள்ள போ. மீதியை வெளியே வந்து பேசிக்கலாம்" என்றார்.

ஐந்தாம் வகுப்பு. அங்கே போன பிறகுதான் பாடத்தைச் சொன்னார்கள்: ஈச், எவ்ரி, ஐதர், நைதர். பிரின்சிபால் அம்மாவும் பள்ளியின் கரஸ்பாண்டென்ட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கரஸ்பாண்டென்ட் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முதுகை நிமிர்த்தி அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தே எனக்குப் பயம் வந்துவிட்டது.

'ஈச் ஆஃப் த சில்ட்ரன் ஹேஸ் எ சாக்பீஸ்' என்று போர்டில் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"சில்ட்ரன் ப்ளூரல் ஆச்சே மேடம். ஹேவ்னு மாத்துங்க."

பிள்ளைகள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஹேஸ்தான் சரி என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பெரியவர்கள் யாராவது திருத்தினால், யோசிக்காமல் சரி என்று சொல்லிவிடுவது என் வழக்கம். டஸ்டரைக் கூட கையில் எடுத்துவிட்டேன். அழித்து எழுதிவிட்டால் வகுப்பு சுமுகமாகப் போகும், வேலையும் கிடைக்கலாம். ஆனால் முன் வரிசையில் ஒரு பையன் நான் எழுதியதை நோட்டில் எழுதிவிட்டு, மாற்றுவதற்காக ரப்பரோடு காத்திருந்தான். சரியாக எழுதியதை அவன் என் பேச்சைக் கேட்டு அழிக்கப் போகிறான். அது எனக்குத் தாங்கவில்லை. டஸ்டரை மேஜைமேல் வைத்தேன்.

"சார், ஹேஸ்தான் சரி. ஏன்னு காட்டட்டுமா?"

பிரின்சிபால் அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "காட்டுங்க" என்றார்.

ஒரு வரிசைப் பிள்ளைகளை முன்னால் வரச் சொல்லி, ஆளுக்கு ஒரு சாக்பீஸ் கொடுத்துக்கொண்டே போனேன். கடைசியில் நின்ற சின்னப் பெண்ணிடம் வரும்போது டப்பா காலி. நான் திட்டமிட்டது இல்லை, உண்மையிலேயே தீர்ந்துவிட்டது. அவள் உள்ளங்கையை விரித்தபடி, "மிஸ், எனுக்கு மட்டும் இல்ல மிஸ்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. போர்டில் எழுதியிருப்பது இப்போது உண்மையா என்று வகுப்பைக் கேட்டேன். இல்லை என்று கத்தினார்கள். அவள் கையில்தான் இல்லையே என்றது ஒரு குரல். என் கையில் இருந்த சாக்பீஸை உடைத்துப் பாதியை அவளிடம் கொடுத்துவிட்டு, இப்போது உண்மையா என்றேன். ஆமாம் என்றார்கள்.

"ஈச்னு சொன்னா கூட்டத்தைப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு கையா பார்க்கணும்" என்று சொல்லி, வரிசையில் ஒவ்வொருவராகக் காட்டினேன். பிள்ளைகளே 'ஹி ஹேஸ், ஷி ஹேஸ்' என்று பாட்டு மாதிரி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போது கரஸ்பாண்டென்ட் எழுந்து போர்டுக்கு வந்தார். என்னிடமிருந்து சாக்பீஸை வாங்கி, என் வரிக்குக் கீழே, 'த சில்ட்ரன் ஈச் ஹேவ் எ சாக்பீஸ்' என்று எழுதினார். இது தப்பா என்று கேட்டார்.

வரியை இரண்டு தடவை படித்தேன். தப்பில்லை.

"இதுவும் சரிதான் சார்" என்றேன். மேலே உள்ள வரியில் ஈச் முதலில் நிற்கிறது, அதனால் ஹேஸ். கீழே சில்ட்ரன்தான் முதலில் நிற்கிறது, ஈச் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது, அதனால் ஹேவ் என்று விளக்கினேன். பாதிக்கு மேல் ஆங்கிலத்திலேயே பேசியிருக்கிறேன். பேசி முடித்த பிறகுதான் அது எனக்கே உறைத்தது.

அவர் இரண்டு வரிகளையும் நிதானமாகப் படித்தார். பட்டாளத்தில் தன் ஆபீசர் எப்போதும் கீழே உள்ள மாதிரிதான் எழுதுவார், அதுவே மனதில் நின்றுவிட்டது என்றார். சாக்பீஸை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"கன்டின்யூ பண்ணுங்க, டீச்சர்."

அதுவரை மேடம் என்றவர் அப்போதுதான் முதல் தடவையாக டீச்சர் என்றார். வகுப்பு முடிந்ததும் பிரின்சிபால் அம்மா, திங்கட்கிழமையே வர முடியுமா என்று கேட்டார்.

வெளியே எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த கணவர், என் முகத்தைப் பார்த்ததும் இன்னொரு டீ சொன்னார். அன்று சாயங்காலம் குவார்ட்டர்ஸில் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் இந்தக் கதையைச் சொன்னார். ஹேஸையும் ஹேவையும் மாற்றி மாற்றித்தான் சொன்னார். ஆனால் அவர் முகத்தில் இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் எனக்குப் பூரிப்பாக இருக்கிறது.

இன்றும் அதே பள்ளியில்தான் வேலை பார்க்கிறேன். ஸ்டாஃப் மீட்டிங்கில் எழுந்து பேச இன்னமும் சில நாள் தயக்கம் வரத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் அந்த ஐந்தாம் வகுப்பை நினைத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். தெரிந்ததைத் தெரியும் என்று சொல்ல எனக்கும் உரிமை உண்டு என்று நான் முதன்முதலாக நம்பியது அங்கேதான்.