நாலாயிரம் பங்காளிகள்

சௌந்திரத்துக்கு முப்பத்தெட்டு வயது. திருச்செங்கோட்டில் ஒரு மாடியில் இயங்கும் திருமணத் தகவல் மையத்தில் பதினான்கு வருடமாகக் கணினியில் உட்கார்ந்திருக்கிறாள். நிலம், நகை என்று பிறர் சொல்லிக்கொள்ளும் எதுவும் அவளிடம் கிடையாது. தப்பே போடாதவள் என்ற பெயர் மட்டும் உண்டு. முதலாளி சின்னுசாமி வருகிறவர்களிடமெல்லாம், "எங்க அம்மணி அடிச்சா கல்வெட்டுங்க" என்பார். கல்வெட்டிலும் பிழை உண்டென்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அந்தப் பக்கத்துக் குடியானவக் குடும்பங்களில் கூட்டம் என்று ஒன்று உண்டு. காடை, ஆந்தை என்று பறவைப் பெயரில்கூட இருக்கும். ஒரே கூட்டத்தார் பங்காளிகள். அவர்களில் ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை. கல்யாணப் பேச்சே கிடையாது. ஆகவே கணினி நட்சத்திரம் பார்ப்பதற்கு முன் கூட்டத்தைப் பார்க்கும். சௌந்திரமும் காடை. அவள் தன்னையும் பதிவு செய்திருந்தாள். எண் 617. அடுத்த எண் போர்வெல் லாரி வைத்திருக்கும் தனபால், அவரும் காடை. ஒவ்வொரு தை மாதமும் பதிவைப் புதுப்பிக்க அவருக்குப் போன் போடுவாள். "தண்ணி வந்துச்சுங்களாண்ணா?" என்று கேட்பாள். "எங்கீங்க அம்மணி, எழுநூறு அடி போயும் புழுதிதான்" என்பார். அந்தக் குரல் அவளுக்குப் பிடிக்கும். அண்ணன் குரல் பிடிப்பதில் தவறில்லை என்று ஒன்பது வருடம் இருந்துவிட்டாள்.

ஒரு வியாழக்கிழமை, மூன்று பேருக்குக் 'காடை' என்பது 'கடை' என்று விழுந்திருப்பதைப் பார்த்தாள். தனித்தனியாகத் திறந்து திருத்தியிருக்கலாம். மொத்தமாகத் திருத்தும் கட்டளையை, மென்பொருள் செய்து கொடுத்த யோகேஷ் நோட்டில் எழுதி வைத்திருந்தான். கூட்டத்தைக் 'காடை' என்று மாற்று என்பது முதல் வரி. 'கடை' என்று இருக்கும் இடத்தில் மட்டும் என்பது இரண்டாம் வரி. முதல் வரியை அடித்ததும் சின்னுசாமி டீ சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு வந்து, இரண்டாம் வரியை மறந்து எண்டரைத் தட்டினாள். திரை அடக்கமாகத் தெரிவித்தது: 4,312 பதிவுகள் மாற்றப்பட்டன.

ஞானிகள் பல நூற்றாண்டு தொண்டை வறளப் பேசியும் நடக்காத காரியம் ஒரு நொடியில் நடந்தது. பதிவு செய்திருந்த அத்தனை பேரும் உடன்பிறப்புகள் ஆனார்கள். நடந்த பிறகுதான் அதிலுள்ள சிக்கல் தெரிந்தது. எல்லோரும் உடன்பிறப்பு என்றால் யாருக்கும் கல்யாணம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் வரன் சந்திப்பு. அறுநூறு குடும்பம் வரும். பட்டியல் பெரிய திரையில் ஓடும். அதற்குள் சரியாகாவிட்டால் கல்வெட்டு ஊர் பார்க்க உடையும்.

பெங்களூருவிலிருந்த யோகேஷைப் பிடித்தாள். "தம்பி, பேக்கப் எங்க இருக்குது?"

"அதை வாராவாரம் நீங்க எடுக்கோணும்னு அன்னிக்கே சொன்னனேக்கா."

"பேக்கப்புன்னு ஒரு ஃபோல்டர் இருக்குதே."

"தொறந்து பாருங்க."

திறந்தாள். சின்னுசாமி பேரனின் காதுகுத்துப் படங்கள், முப்பத்தாறு.

"என்னம்மணி, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது?" என்றார் சின்னுசாமி.

"வெயிலுங்க." அவள் ஏ.சி.க்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள். பொய்யில் பழக்கமில்லை.

வெள்ளிக்கிழமை காலை வழி தெரிந்தது. கூட்டம்தான் மாறியிருந்தது, பக்கத்துக் கட்டத்தில் குலதெய்வம் அப்படியே இருந்தது. கரட்டுமேட்டு அம்மன் என்றால் காடை, தோப்புக்காட்டு அம்மன் என்றால் ஆந்தை. இந்த முறை முதலில் மொத்தப் பட்டியலுக்கும் ஒரு நகல் எடுத்தாள். பிறகு ஒவ்வொரு கோயிலாக, எத்தனை பேர் என்று எண்ணி, பெயர்களைக் கண்ணால் பார்த்து, அதன் பிறகே மாற்றினாள். இதைப் பாராட்ட வேண்டியதில்லை. வியாழக்கிழமையே செய்திருக்க வேண்டியது. இரண்டு மூன்று கூட்டத்துக்குப் பொதுவான கோயில்களும் இருந்தன. அவற்றைச் சேர்ந்த தொண்ணூறு பேருக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, உங்க பையன் எந்தக் கூட்டமுங்க?"

"ஏழு வருசங் கழிச்சு இப்பத்தான் கேக்கறயா சாமி? அவனுக்கு ரெண்டு கொழந்தை ஆயிப்போச்சு. வேணும்னா அதுகளைப் பதிஞ்சுக்கோ."

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்தது. போன வருடம் அச்சடித்த வரன் புத்தகத்தோடு ஒப்பிட்டாள். அதிலிருந்த முந்நூறு பேரில் ஒருவர் மட்டும் இடித்தார். 618, தனபால். புத்தகத்தில் காடை, கணினியில் இப்போது ஆந்தை. தன் திருத்தம்தான் தப்பு என்று நினைத்து, அலமாரியிலிருந்து அவர் கைப்பட எழுதிய விண்ணப்பத்தை எடுத்தாள். நீல மையில் ஆந்தை என்று இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன் மேல் வரியிலிருந்த 'காடை'யைத் தன் வரிக்கு இழுத்து நிரப்பும்போது ஒரு கட்டம் கூடுதலாக இழுத்திருக்கிறாள். ஒரே ஒரு கட்டம்.

பட்டியல் சரியாகிவிட்டது. யாருக்கும் எதுவும் தெரியாது. வாயை மூடிக்கொண்டால் பெயர் பிழைக்கும். சௌந்திரம் போனை எடுத்தாள். மறுமுனையில் போர்வெல் இரைந்தது.

"ஆருங்க?"

"திருச்செங்கோட்டுச் சௌந்திரமுங்க. உங்க பதிவுல ஒரு தப்பு. நான்தான் போட்டனுங்க. ஒம்பது வருசமா உங்களைக் காடைன்னு வெச்சிருந்தேன்."

டீ டம்ளரோடு நின்ற சின்னுசாமி, "தப்பா? நீயா?" என்றார். அவள் திரும்பவில்லை.

"நாங்க ஆந்தையாச்சே அம்மணி."

"ஆமாங்க. நான் காடைங்க."

போர்வெல் இரைச்சல் திடீரென்று நின்றது. அவர் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.

"இன்னிக்கு ஒருக்காக்கூட அண்ணான்னு சொல்லலையே நீங்க?"

"சொல்ல முடியாதுங்களே."

"மேச்சேரிப் பக்கந்தான் இருக்கறேன். நாளைக்கு மண்டபத்துக்கு வாரேன். உங்க நெம்பர் எத்தனைங்க?"

"அறுநூத்திப் பதினேழுங்க."

"என்னுது?"

"அதுக்கு அடுத்ததுங்க."